உள்ள வேலை இருக்கு

மார்ச் 4

இல்லம்மா, "வேலை இருக்கு"ன்னு சொன்னதுக்கெல்லாம் யாரையும் ஜெயில்ல போட மாட்டாங்க. அப்படிப் போட ஆரம்பிச்சா நம்ம தெருவுல ஒரு பொம்பளை வெளிய மிஞ்ச மாட்டா. நாள் பூரா எல்லாரும் அதைத்தானே சொல்லிட்டிருக்கீங்க.

ஆனா நீ அனுப்பினது மொத்தம் நாலு வரி. "ஒரு அம்மா வந்தாங்க. வேலை இருக்குன்னு சொல்லிட்டேன். ஜெயில்ல போட்டுருவாங்களா. போன் பண்ணாதே, எழுது." இதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? யாரு வந்தா? எதுக்கு வந்தா? போன் ஏன் பண்ணக்கூடாது? நாலு வரியில நாலு குண்டைப் போட்டுட்டுப் போயிட்டே.

நான் வேலை பாக்குற மொபைல் கடைக்குப் பக்கத்துல ட்ராவல்ஸ் வெச்சிருக்காரே, வழுக்கை, அவர்கிட்ட போய் உன் பேரச் சொல்லாம பொதுவா கேட்டேன். வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்களோட போய்த் தங்குறதுக்காக அப்பா அம்மாவுக்குன்னே குடுக்குற நீண்ட நாள் விசாவாம் உன்னோடது. தங்கலாம், திங்கலாம், தூங்கலாம், சுத்திப் பாக்கலாம். வேலை மட்டும் செய்யக் கூடாதாம். "என்ன வேலைண்ணே?"ன்னு கேட்டேன். "எந்த வேலையும்"னார். "பாத்திரம் தேய்க்கலாமா?"ன்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "யாருக்குத் தம்பி இது?"ன்னார். வந்துட்டேன்.

அக்கா வேற உன் விசாவை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கச் சொல்லி மனு போட்டிருக்கா. இந்த நேரத்துலயா வந்து கதவைத் தட்டணும். விவரமா எழுது. பயந்துக்கிட்டே எழுதினாலும் பரவாயில்லை, முழுசா எழுது.

பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடறியா?

உன் உருப்படாதவன்
(அக்கா வீட்டுக்கார மாமா வெச்ச பேரு. பொருத்தமா இருக்குன்னு நானே எடுத்துக்கிட்டேன்.)


மார்ச் 6

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். இதையும் அங்கேயே எழுதுகிறேன். கூடத்துச் சுவரில், கூரைக்குப் பக்கத்தில், ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள். குட்டிப் பையன் என்ன செய்கிறான் என்று அக்காவும் மாப்பிள்ளையும் ஆபீசிலிருந்து பார்ப்பதற்காக. அது பார்ப்பது மட்டுமில்லை, கேட்கவும் செய்யும். நான் போனில் பேசினால் அவர்களுக்கு அங்கே கேட்கும். எழுதினால் கேட்காது. கிளம்பும்போது இந்த டேப்லெட்டில் தமிழ் எழுத்து வரும்படி நீ செய்து கொடுத்தாயே, அது இப்போதுதான் உதவுகிறது.

அன்று நடந்தது இதுதான். கதவு தட்டிய சத்தம். திறந்தால் ஒரு பெண், கழுத்தில் அட்டை, கையில் போன். சிரித்த முகம். ஏதோ சொன்னாள், புரியவில்லை. உடனே போனில் யாரையோ கூப்பிட்டு என் பக்கம் நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல். "வணக்கம் அம்மையார். இவர் கூறுவதை நான் தமிழில் கூறுவேன். தாங்கள் கூறுவதை இவருக்குக் கூறுவேன்." பாடப் புத்தகம் பேசுவதைப் போல இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து, சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்த பெண்ணாக இருக்கும்.

கீழ் வீட்டுக்காரர் புகார் கொடுத்தாராம். தலைக்கு மேல் நாள் முழுவதும் தடதடவென்று சத்தமாம். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பார்க்க அரசாங்க ஆபீசிலிருந்து வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அடுப்பில் பால். பின்னால் மூன்று பிள்ளைகளும் ஒன்றாக அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னேன், "இப்ப முடியாதும்மா, உள்ள வேலை இருக்கு. அப்புறமா வரச் சொல்லு."

அந்தப் பெண் அதை மொழிபெயர்த்தாள். வாசலில் நின்றவளின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எவ்வளவு காலமாகத் தங்களுக்கு வேலை இருக்கிறது?"

"வந்த நாள்ல இருந்து வேலைதான்."

"யாருக்காக வேலை செய்கிறீர்கள்?"

"யாருக்குன்னு சொல்றது, எல்லாருக்கும்தான்."

"விடுமுறை உண்டா?"

நான் சிரித்துவிட்டேன் வாலு. "எனக்கு ஏதும்மா லீவு" என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பாஸ்போர்ட் கேட்டாள், கொடுத்தேன், படம் எடுத்துக்கொண்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் போனாள். சாயங்காலம் அக்கா வந்து, நான் என்ன சொன்னேன் என்று கேட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "உள்ள வேலை இருக்குன்னா அவங்களுக்கு உனக்கு உத்தியோகம் இருக்குன்னுதாம்மா அர்த்தம்" என்றாள். குளியலறைக்குப் போய் உனக்கு அந்த நாலு வரியை எழுதினேன்.

மற்ற இரண்டு பிள்ளைகள் யார் என்று கேட்பாய். அக்காவின் மேனேஜரம்மாவுக்கு இரட்டைக் குழந்தைகள். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் பெண். நல்ல பிள்ளைகள்தான், சின்னவளை இடது தோளில் சாய்த்தால்தான் தூங்குவாள், மற்றபடி தொந்தரவு இல்லை.

குட்டிப் பையனுக்குச் சளி குறைந்திருக்கிறது. மதியம் நன்றாகச் சாப்பிட்டான். அக்காவிடம் எதுவும் கேட்காதே.

அம்மா


மார்ச் 7

அம்மா,

"அன்றைக்கு மட்டும்."

ஒரே ஒரு நாள் வந்த பிள்ளை எந்தத் தோள்ல சாய்ச்சாத் தூங்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? குழந்தைங்க காப்பகத்துல இருபது வருஷம் ஆயாவா இருந்தவதான் நீ, நான் ஒத்துக்கறேன். ஆனா ஜோசியக்காரி இல்ல. ஒரு நாள் சத்தத்துக்கு எவன்மா புகார் குடுப்பான்? நாள் முழுக்க, தினமும், தடதடன்னு கேட்டாத்தான் குடுப்பான்.

எனக்குப் படிப்பு ஏறலன்னுதான் காலேஜ்ல இருந்து வெளிய வந்தேன். மண்டையில ஒண்ணும் இல்லாம இல்ல. எவ்ளோ நாளா அந்த ரெட்டைப் பிள்ளைங்க உன்கிட்ட இருக்கு? அதைச் சொல்லு முதல்ல.

அந்தக் காப்பகத்துல நீ வேலை பாக்குறத அக்கா எவகிட்டயும் சொன்னதில்ல, ஞாபகம் இருக்கா. கல்யாணத்துல மாமா வீட்டு ஆளுங்க கேட்டப்ப "அம்மா டீச்சர்"னா. இப்ப அவ வீட்டுக்குள்ளயே அதே காப்பகம் நடத்துறா, அதே ஆயாவை வெச்சு. சம்பளம் மட்டும் மிச்சம்.

சரி, திட்டல. கோவப்பட்டு எழுதினா நீ குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவே, தெரியும்.

மாத்திரை பத்தி நீ பதிலே எழுதல. ஆறு மாசத்துக்குன்னுதானே நான் வாங்கிக் கட்டிக் குடுத்தேன்? ஆறு மாசம் எப்பவோ போயாச்சும்மா. எதைப் போட்டுக்கிட்டிருக்கே இப்ப?

மொபைல் கடையை விட்டுட்டேன். முதலாளி என்னை "டேய்"ன்னான், நானும் "என்னடா"ன்னேன். இப்ப கூரியர் கோடவுன்ல மூட்டை தூக்குறேன். இதுக்கும் கவலைப்பட ஆரம்பிச்சிடாதே. ஒரு நேரத்துல ஒரு கவலை போதும்.

வாலு


மார்ச் 12

அன்புள்ள வாலு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கே வேலை செய்கிறேன், யார் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று விளக்க வேண்டுமாம். அதுவரை மனு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் ஒத்திகை. இரவுச் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை அதிகாரியாக உட்கார்ந்துகொள்கிறார். "நாள் முழுக்க என்ன செய்வீங்க?" என்று கேட்பார். "பேரனோட விளையாடுவேன், டிவி பாப்பேன், நடக்கப் போவேன்" என்று நான் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. நேற்று "பேரனைப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டேன். கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். "பாத்துக்குவேன்" என்று சொல்லக் கூடாதாம். அதுவும் வேலையாம். விளையாடுவேன் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

சரி, நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மறைக்க எனக்கும் தெம்பில்லை. நான் வந்த அடுத்த மாதத்திலிருந்து அந்த இரட்டைப் பிள்ளைகள் என்னிடம்தான். காலையில் விட்டால் இருட்டும்போது வந்து கூட்டிப் போவார்கள். பணம் எதுவும் வாங்கவில்லை, அதனால் இது வேலையில்லை என்று அக்கா சொல்கிறாள். அவள் உத்தியோகத்தை நீட்டிப்பது அந்த மேனேஜரம்மா கையில்தான் இருக்கிறது. அந்த உத்தியோகம் இருக்கும்வரைதான் இவர்கள் மூன்று பேருமே இங்கே இருக்க முடியும். அதைச் சொல்லித்தான் அக்கா என்னைக் கேட்டாள். கேட்கவில்லை, காலில் விழாத குறை. நான் எப்படி மாட்டேன் என்பேன்.

மாத்திரை. அரை அரையாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை. இப்போது டப்பாவில் தூள்தான் இருக்கிறது. இங்கே மருத்துவரிடம் போனால் பிரஷர் இருப்பது தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது எந்த நோயும் இல்லை என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்சூரன்ஸ் பொய் என்றால் விசாவும் பொய்யாம். அதனால் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

முந்தாநாள் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகப் போனது. பிள்ளையை எப்படிக் கீழே விட்டேன் என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன், அது மட்டும் தெரியும். காப்பகத்தில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அதுதான், தலை சுற்றினால் முதலில் பிள்ளையைத் தரையில் விடு, அப்புறம் ஆளைக் கூப்பிடு. நான் சுவரில் சாய்ந்து சரிந்தேன். கூப்பிட ஆளில்லை. அப்போது கூரையிலிருந்து ஒரு குரல். "அம்மா, ஏன் கீழ உக்காந்துட்டே? பையன் சோபா மேல ஏறுறான் பாரு. அம்மா, காதுல விழுதா?"

கேமராவுக்குள்ளிருந்து அக்கா பேசினாள் வாலு. அதில் பேசவும் முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "காதுல விழுதும்மா" என்றேன். எழுந்துபோய்ப் பையனை இறக்கிவிட்டேன்.

ஒருவேளை இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அம்மா


மார்ச் 13

அம்மா,

அக்காவுக்குப் போன் பண்ணிட்டேன். பண்ணாதேன்னு நீ சொன்னே. பண்ணிட்டேன்.

என்ன பேசினேன்னு எழுதல. அவ சொல்லுவா, கொஞ்சம் கூட்டியே சொல்லுவா. நான் பேசினதுல பாதியாவது வெளிய சொல்ல முடியாத வார்த்தை. மாமா போனை வாங்கி "நீ என்ன பெரிய இவனா, மூணாவது வருஷத்துல காலேஜை விட்டுட்டு ஓடினவன்"னார். "ஆமா மாமா, நான் ஓடிட்டேன், எங்கம்மாவால ஓட முடியல"ன்னேன். கட் பண்ணிட்டார்.

மாத்திரை அனுப்பப் பாத்தேன். கூரியர்ல மருந்து ஏத்த மாட்டாங்களாம், நான் மூட்டை தூக்குற அதே கூரியர். சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சினேன். "சிக்கினா உன்னையும் சேத்துப் பிடிப்பாங்கடா"ன்னார். அந்தப் பக்கம் போற ஆள் யாராவது இருக்காங்களான்னு ட்ராவல்ஸ் வழுக்கைகிட்ட கேட்டேன். ஒருத்தர் போறாராம், தன் அம்மாவுக்கே ரெண்டு பை மருந்து எடுத்துட்டுப் போறாராம், இதுக்கு மேல ஒரு மாத்திரை ஏத்தினா ஏர்போர்ட்லயே உக்கார வெச்சிடுவாங்கன்னு பயப்படறாரு. பாரு, நம்மள மாதிரி எத்தனை பேர் இருக்காங்கன்னு.

நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறதும் கேக்காததும் உன் இஷ்டம். அந்த ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடு. உனக்கு பிரஷர்னு சொல்லு. மாத்திரை தீந்துபோச்சுன்னு சொல்லு. மூணு பிள்ளைங்கன்னு சொல்லு. அவங்க உன்னைத் திருப்பி அனுப்புவாங்க. அனுப்பட்டுமே. இனிமே அந்த ஊர்ப் பக்கம் வராதேம்பாங்க. சொல்லட்டுமே, நாம என்ன அங்க வயலா வாங்கிப் போட்டிருக்கோம்.

இதை எழுதி, அழிச்சு, மறுபடி எழுதினேன். உண்மையைச் சொன்னா அவங்க உன்னை எங்கயாவது ரூம்ல உக்கார வெச்சுட்டா? அங்க நீ மயங்கி விழுந்தா? எனக்கு எதுவும் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி எழுதுறேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், நீ தரையில கிடக்கிறப்ப கூரை பேசியிருக்கு.

வாலு


மார்ச் 15

வாலு,

நீ போன் செய்திருக்கக் கூடாது. டேப்பை வாங்கி வைத்துவிடுவதாக மாப்பிள்ளை சொன்னார். குட்டிப் பையன் அதில் படம் பார்த்தால்தான் சாப்பிடுவான் என்பதால் தப்பித்தது.

அக்காவை ராட்சசி போல நினைத்துக்கொண்டிருக்கிறாய். நேற்று என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விளக்கைப் போடவில்லை. "மயக்கம்னு ஏம்மா என்கிட்ட சொல்லல" என்றாள். "நீதான் பாத்தியே" என்றேன். "நீ களைப்பா உக்காந்தேன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "பயமா இருக்கும்மா, உத்தியோகம் போச்சுன்னா நாங்க பெட்டியைக் கட்டணும், அங்க வந்து யார் முகத்துல முழிப்பேன்" என்றாள். உன் முகத்தில்தான் முழிக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குப் பதில் அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கை சில்லிட்டிருந்தது. சின்னப் பிள்ளையில் பரீட்சைக்குப் போகும்போது இருக்குமே, அப்படி. இந்த வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறோம். ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பொய் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமா? எனக்குப் பொய் வராது. சொன்னால் காது சிவந்துவிடும் என்று உன் அப்பா இருந்தவரை சொல்லிச் சிரிப்பார்.

அம்மா


மார்ச் 16

அம்மா,

காதை மூடி முக்காடு போட்டுக்கோ.

சிரிச்சியா? நான் சிரிக்கல. சும்மா எழுதிப் பாத்தேன்.

இனிமே உண்மை சொல்லு, பொய் சொல்லுன்னு நான் சொல்லப் போறதில்ல. அங்க போய் நிக்கப் போறது நீ. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அதுவரைக்கும் நின்னுக்கிட்டே பிள்ளையைத் தூக்காதே. கீழ உக்காந்து மடியில வெச்சுக்கோ. அழுதா அழட்டும், கீழ் வீட்டுக்காரன் இன்னொரு புகார் குடுக்கட்டும்.

கோடவுன் வேலையும் போச்சு. மருந்து அனுப்பக் கேட்டதை சூப்பர்வைசர் மேல சொல்லிட்டான். இப்ப ஒரு டாக்ஸி ஓட்டுறேன், வாடகை வண்டிதான். நல்லாத்தான் இருக்கு, யாரும் பக்கத்துல நின்னு முறைக்கிறதில்ல, பின்னாடி உக்காந்துதான் முறைக்கிறாங்க.

போயிட்டு வந்ததும் எழுது. ஒரு வரி போதும். "இருக்கேன்"னு எழுது.

வாலு


மார்ச் 21

அன்புள்ள வாலு,

இருக்கிறேன்.

நேற்றுப் போனோம். அக்கா கூட வந்தாள். பெரிய கட்டடம், உள்ளே போனால் சின்னச் சின்ன அறைகள், எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சுவர். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி, எந்த நாட்டுக்காரர்களோ, கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். பிரார்த்தனை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவர்களும் ஒத்திகை பார்க்கிறார்கள்.

அறைக்குள் ஒரு அதிகாரி, நடுத்தர வயது ஆள். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி ஒரு சின்னப் பெண். "வணக்கம் அம்மையார்" என்றதும் தெரிந்துவிட்டது, போனில் பேசிய அதே பெண். முகம் வெளுத்துக் கிடந்தது. கேள்வி எதுவும் வருவதற்கு முன்பே அவள் அந்த அதிகாரியிடம் நீளமாக ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நான் தவறு செய்துவிட்டேன். ‘வேலை இருக்கு’ என்றால் இப்போது நேரமில்லை என்றும் பொருள் உண்டு என்று என் தாய் கூறினார். அதை இவரிடம் விளக்கிவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

அந்த ஆள் சிரித்துவிட்டார். சிரித்தபடி காகிதத்தைத் திருப்பினார். இவ்வளவுதான், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார், இன்னும் ஒரு வருடம் தங்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். மூச்சு விட்டாள் பார், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கு மட்டும் மூச்சு வரவில்லை. இன்னும் ஒரு வருடம். மாத்திரை இல்லாமல். மூன்று பிள்ளைகளோடு. போன தடவை பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு விழுந்தேன். எல்லாத் தடவையும் அப்படி நேரம் கிடைக்குமா? நான் விழும்போது என் கையில் எந்தப் பிள்ளை இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலா, மாடிப்படியிலா. வாலு, ஜெயில் பயமெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கேயோ போய்விட்டது. இது வேறு பயம்.

"அம்மாடி, நீ முதல்ல சொன்னதுதான் சரி" என்றேன் அந்தப் பெண்ணிடம். "எனக்கு வேலை இருக்கு. அப்படியே சொல்லு."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பிள்ளை வளர்க்கிற வேலை, காலையிலிருந்து இருட்டும்வரை, என் பேரன் போக இரண்டு பேர். எனக்குப் பிரஷர் உண்டு, மாத்திரை தீர்ந்து நாளாகிவிட்டது, போன வாரம் மயங்கி விழுந்தேன். எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தாள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"யார் உங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்?"

அக்கா என் கையை விட்டுவிட்டாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. "யாரும் குடுக்கல. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க, நானாக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டேன். பிரஷரையும் பொண்ணுகிட்ட மறைச்சுட்டேன். எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது" என்றேன். காது சிவந்திருக்கும். அவர்களுக்குத் தமிழ்க் காதைப் பற்றித் தெரிந்திருக்காது.

மனு தள்ளுபடி. ஒரு வாரத்துக்குள் கிளம்ப வேண்டும். இனி விசா கேட்டால் இதெல்லாம் முன்னால் வந்து நிற்கும் என்றார்கள். குட்டிப் பையன் பள்ளிக்கூடம் போவதை நான் பார்க்கப் போவதில்லை.

மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார். மேனேஜரம்மா இன்று பிள்ளைகளை அனுப்பவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அதுதான் அக்காவுக்குப் பயம். அலமாரியைத் திறக்கிறாள், மூடுகிறாள்.

நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா, காப்பாற்றினேனா? எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் முடியவில்லை. நீயாவது சொல்லு.

அம்மா


மார்ச் 28

அம்மா,

இதை நீ வீட்டுக்கு வந்துதான் படிப்பே. டேப்பை அங்கயே பையனுக்கு விட்டுட்டு வர்றியாமே, அக்கா சொன்னா. பரவாயில்ல, என் போன்லயே படிச்சுக்கலாம். ஏர்போர்ட்ல வெளிய வர்ற வழியில கம்பியில சாஞ்சுக்கிட்டு நிக்கறேன். சும்மா நிக்க முடியல, அதான் எழுதுறேன்.

அக்கா ரெண்டு தடவை கூப்பிட்டா. முதல் தடவை பிளைட் விவரம் சொன்னா, அதோட நிறுத்திக்கிட்டா. ரெண்டாவது தடவை கூப்பிட்டு, "அம்மா மாத்திரை பேரு என்னடா?"ன்னா. சொன்னேன். எழுதிக்கிட்டா. "இப்ப எதுக்கு?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல"ன்னா. அழுதாளா, சளியான்னு தெரியல. நானும் திட்டல. திட்ட ஒண்ணும் மிச்சமில்ல.

அவ உத்தியோகம் இருக்குமா போகுமான்னு இன்னும் தெரியலயாம். நீ கேட்டதுக்கு அதனாலதான் எனக்குப் பதில் வரல. போச்சுன்னா, உன்னாலதான் போச்சுன்னு ஏதாவது ஒரு நாள் சொல்லுவா. உன்னாலதான் விஷயம் இதோட நின்னுச்சுன்னும் ஒரு நாள் சொல்லலாம். எந்த நாள் முதல்ல வரும்னு தெரியல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியும், அந்த ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டும் முழுசா அவங்க வீட்டுல இருக்கு.

பிளைட் இறங்கியாச்சுன்னு போர்டுல போட்டு ரொம்ப நேரமாச்சு. இவ்ளோ உயரத்துல பறந்தா பிரஷர் ஏறுமான்னு நேத்து ஒரு டாக்டர் வண்டியில ஏறினப்ப கேட்டேன். "மாத்திரை போட்டிருந்தாப் பிரச்சினை இல்ல"ன்னார். போடலைன்னான்னு கேக்க வாய் வரல. மாத்திரை சட்டைப் பையில வெச்சிருக்கேன், தண்ணி பாட்டில் கக்கத்துல.

அக்கா உனக்கு வீல்சேர் போட்டிருக்காளாம். அது வேற பெரிய தொல்லை. இங்க வர்ற அப்பா அம்மா எல்லாருமே வீல்சேர்லதான் வர்றாங்க. கால் நல்லாத்தான் இருக்கு, வழி கேக்க பாஷை தெரியாதேன்னு பிள்ளைங்க போட்டு அனுப்புறாங்க. இப்பக்கூட ஒரு பெரியவரைத் தள்ளிட்டு வந்தாங்க, பேத்தியைப் பாத்ததும் குதிச்சு இறங்கி ஓடிட்டார், தள்ளினவன் காலி வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். ஆனா பாரு, வீல்சேர்ல வர்றாங்கங்கிறதை வெச்சு யார் நல்லா இருக்காங்க, யார் இல்லைன்னு ஒண்ணுமே சொல்ல முடியல.

மறுபடி கதவு திறக்குது. மூணு வண்டி, ஒண்ணு பின்னாடி ஒண்ணு. முதல்ல ஒரு தாத்தா. ரெண்டாவது யாரோ. மூணாவதுல நீதான்னு நினைக்கிறேன், அந்தப் பச்சைப் பை மடியில இருக்கு. தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. தூங்குறியா? தள்ளுறவன் கீழ குனிஞ்சு உன்கிட்ட என்னமோ கேக்குறான். நீ பதில் சொல்றியான்னு இங்கேருந்து தெரியல. நான் போகணும்.